போர்டில் இருப்பவர்களின் பழைய வேலையைப் பார்த்து ஒரு கம்பெனியை நம்பலாமா?

ஜூலை 6, ஒரு வாசகரின் கேள்வி
நடுத்தர அளவு கம்பெனி ஒன்றின் பங்கை வாங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆண்டறிக்கையைத் திறந்தால் போர்டில், அதாவது இயக்குநர் குழுவில், ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி ஒருவர், ஐஐடியில் இருந்தவர் ஒருவர், மேனேஜ்மென்ட் பேராசிரியர் ஒருவர், அமெரிக்காவில் பெரிய பதவி வகித்தவர் ஒருவர். இவ்வளவு பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தப்பு நடக்காது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்கிறார் என் மைத்துனர். சரிதானா?

ஜூலை 6, இரவு
சரியில்லை. நீங்கள் எழுதியிருக்கும் வரிசையைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது ஹைதராபாத் சாஃப்ட்வேர் கம்பெனியான சத்யத்தின் 2008 டிசம்பர் போர்டுதான். அமைச்சரவைச் செயலாளராக இருந்த டி.ஆர்.பிரசாத், டெல்லி ஐஐடியின் இயக்குநராக இருந்த வி.எஸ்.ராஜு, ஹைதராபாத்தின் ஐஎஸ்பி மேனேஜ்மென்ட் கல்லூரியின் டீன் ராம்மோகன் ராவ், பென்டியம் சிப்போடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் வினோத் தாம், ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் கிருஷ்ண பலேபு, நிர்வாக ஆலோசகர் மங்களம் சீனிவாசன். இதைவிடக் கனமான பட்டியலை இந்தியாவில் எந்த ஐடி கம்பெனி வைத்திருந்தது? அந்த வருஷம்தான் நல்ல நிர்வாகத்துக்கென்று கோல்டன் பீகாக் விருதும் வாங்கியிருந்தார்கள்.

டிசம்பர் 16 அன்று இந்த போர்டு, சத்யத்தை நிறுவிய தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்துக் கம்பெனிகளான மேடாஸ் பிராப்பர்ட்டீஸ், மேடாஸ் இன்ஃப்ரா இரண்டையும் 160 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டது. சாஃப்ட்வேர் கம்பெனியின் பணத்தில் ரியல் எஸ்டேட்! குடும்பத்தின் கையில் அப்போது இருந்த பங்கு 10 சதவீதம்கூட இல்லை. முதலீட்டாளர்கள் கொதித்துப்போய், சில மணி நேரத்திலேயே முடிவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7 அன்று, ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதினார். கணக்கில் காட்டியிருந்த ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று.

ஜூலை 7
அதெல்லாம் படிப்பாளிகள் போர்டு, கணக்கு தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் பிடித்திருப்பார் என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். நிதி அறிக்கைகளை அலசிப் படிப்பதும் நிறுவன நிர்வாகமும்தான் பலேபுவின் துறையே. இன்னும் வேண்டுமானால் கணக்கு மோசடியில் கவிழ்ந்த அமெரிக்க எரிசக்திக் கம்பெனி என்ரானைப் பாருங்கள். போர்டின் சார்பில் கணக்குகளைக் கண்காணிக்கும் தணிக்கைக் குழுவின் தலைவர் ராபர்ட் ஜேடிக்கி, ஸ்டான்ஃபோர்டில் கணக்கியல் பேராசிரியர், அங்கேயே பிசினஸ் ஸ்கூலுக்கு டீனாகவும் இருந்தவர். அந்த போர்டுதான் 1999இல், கம்பெனியின் நிதி அதிகாரி தானே நடத்தும் கூட்டு நிறுவனங்களோடு என்ரான் வியாபாரம் செய்யலாம் என்று சொந்த நடத்தை விதியையே தளர்த்திக் கொடுத்தது.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். சத்யத்தில் போலியாக இருந்தவை வங்கி இருப்புச் சான்றுகள். ஆடிட்டர்கள் வங்கிகளிடம் நேரடியாகக் கேட்டு உறுதிசெய்வதில் கோட்டைவிட்டார்கள் என்பதுதான் பின்னால் வந்த விசாரணைகளில் முக்கியமான குற்றச்சாட்டு. காலாண்டுக்கு ஒருமுறை வந்து உட்காரும் ஒரு பேராசிரியர் வங்கி ரசீதைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க மாட்டார். ஆனால் மேடாஸ் விஷயம் அப்படி இல்லை, அது மேஜைமேல் வந்த விஷயம். மதிப்பீடு பற்றி, குடும்பத் தொடர்பு பற்றி எல்லாம் அன்றைக்குக் கேள்விகள் எழுந்திருக்கின்றன, கூட்டக் குறிப்புகளில் இருக்கிறது. கேட்டுவிட்டு, பதிலையும் வாங்கிக்கொண்டு, ஒருமனதாகக் கையெழுத்துப் போட்டார்கள். என்னை இன்றுவரை உறுத்துவது இதுதான்.

ஜூலை 9
நான் ஏன் இவ்வளவு சூடாக எழுதுகிறேன் என்று கேட்டிருந்தீர்கள். கோவைப் பக்கம் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நூற்பாலைக் கம்பெனியின் செக்ரட்டரி அலுவலகத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். ஆண்டறிக்கையில் இயக்குநர்களைப் பற்றி வரும் அந்த நாலு வரிகளைத் தட்டச்சு செய்தது என் கைதான். அவர்கள் அனுப்புவது இரண்டு பக்கம் இருக்கும். அதில் பெரிய பதவி, பெரிய ஊர், பெரிய பட்டம் மட்டும் தங்கும். பாதியில் விட்டு வந்த போர்டுகள், மூடிப்போன கம்பெனிகள், எம்டியின் சம்பந்தி வீட்டோடு என்ன பழக்கம் என்பதெல்லாம் அந்த நாலு வரியில் வராது. வர வேண்டும் என்று விதி கேட்பதைப் போடுவோம், அதற்குமேல் ஒரு எழுத்து கிடையாது.

அப்புறம் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் திறன் அட்டவணை வந்தது. போர்டுக்கு என்னென்ன திறமைகள் தேவை என்று 2019 மார்ச்சில் முடிந்த ஆண்டு முதல் பட்டியல் போட வேண்டும், அடுத்த ஆண்டிலிருந்து எந்தத் திறமை யாரிடம் இருக்கிறது என்று பெயரோடு காட்ட வேண்டும். உதய் கோட்டக் தலைமையில் செபி அமைத்த குழு சொன்ன நல்ல யோசனை. நடந்தது என்ன? நிதி, சட்டம், தொழில்நுட்பம், சந்தை, தலைமைப் பண்பு என்று ஏழெட்டுக் கட்டங்கள், எல்லாப் பெயருக்கும் எதிரே எல்லாக் கட்டத்திலும் ஒரு டிக். யாருக்காவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவர் மனம் நோகுமே என்று நாங்களே நிரப்பினோம். நீங்கள் வாங்கப்போகும் கம்பெனியின் அறிக்கையில் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். காலிக் கட்டங்கள் இருந்தால் நல்ல அறிகுறி, யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்த போர்டில் உருப்படியான ஒரு மனிதர் இருந்தார். வங்கியில் வேலை பார்த்தவர், ஆனால் தலைமை அலுவலகத்து ஆள் இல்லை. சரக்கின்மேல் கொடுக்கும் கடன்களுக்காகக் கிடங்கு கிடங்காகப் போய்ச் சோதனை செய்தே காலம் கழித்தவர். ஒரு கூட்டத்தில் பஞ்சு இருப்பு இவ்வளவு கோடி என்று தாள் வந்தது. அவர் தாளை மூடிவைத்துவிட்டு, கிடங்குக்கு எவ்வளவு தொகைக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். பாலிசியைக் கொண்டுவந்து பார்த்தால் காட்டிய இருப்பைவிடக் கணிசமாகக் குறைவு. சரக்கு நிஜமாகவே அவ்வளவு இருந்தால் குறைத்து இன்சூரன்ஸ் எடுக்க எந்த மில் முதலாளிக்குத் துணிச்சல் வரும், பஞ்சு தீப்பிடிக்கிற சரக்கு. அடுத்து வங்கிக்கு மாதாமாதம் கொடுக்கும் இருப்பு அறிக்கையையும் கேட்டார். அறை அமைதியாகிவிட்டது. அடுத்த காலாண்டில் இருப்புக் கணக்கு சத்தமில்லாமல் இறங்கியது. அவருடைய முதல் ஐந்து வருஷம் முடிந்தபோது இரண்டாவது முறைக்கு அவர் பெயர் வரவில்லை. அவரைப் பற்றி ஆண்டறிக்கையில் நாங்கள் போட்டிருந்தது "வங்கித் துறையில் நீண்ட அனுபவம் உள்ளவர்" என்ற ஒரே வரி.

ஜூலை 10
முந்தின குறிப்புகளைச் சேர்த்துப் படித்தால் பின்னணி, அனுபவம் எல்லாமே வீண் என்று நான் சொல்வதுபோல இருக்கிறது. அப்படி இல்லை. நிரூபிக்க மறுபடியும் சத்யத்துக்கே போகலாம், ஏனென்றால் ஒரே கம்பெனிக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு போர்டு இருந்தது அங்கேதான்.

ராஜுவின் கடிதம் வந்த சில நாட்களில் மத்திய அரசு பழைய போர்டைத் தூக்கிவிட்டுத் தானே ஆட்களைப் போட்டது. முதலில் மூன்று பேர். எச்டிஎஃப்சியின் தீபக் பரேக், சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட், கடன் கொடுப்பவர்கள் எப்படி யோசிப்பார்கள் என்று தெரிந்தவர், வங்கிகள் அவர் குரலுக்குப் போனை எடுக்கும். ஐடி கம்பெனிகளின் சங்கமான நாஸ்காமின் தலைவராக இருந்த கிரண் கார்னிக். இவர் பின்னணி சுவாரஸ்யமானது, இஸ்ரோவில் ஆரம்பித்தவர், 1975-76இல் செயற்கைக்கோள் வழியாகக் கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி கொண்டுபோன திட்டத்தில் வேலை செய்தவர், அப்புறம் டிஸ்கவரி சேனலின் இந்தியப் பொறுப்பு, அதற்கப்புறம்தான் நாஸ்காம். நிரல் எழுதிப் பிழைத்தவர் இல்லை. ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் பரிச்சயமான முகம், அந்த வாரத்தில் சத்யத்துக்குத் தேவைப்பட்டதும் அதுதான். மூன்றாமவர் சி.அச்சுதன், செபியிலும் பங்குச்சந்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்திலும் இருந்த சட்டக்காரர். சில நாளில் இன்னும் மூன்று பேர் சேர்ந்தார்கள். தொழில் நிறுவனங்களின் கூட்டமைப்பான சிஐஐயின் தருண் தாஸ், எல்ஐசியிலிருந்து மைனாக், ஆடிட்டர்கள் அமைப்பான ஐசிஏஐயின் தலைவராக இருந்த டி.என்.மனோகரன்.

மனோகரனைப் பற்றித் தமிழ்நாட்டு ஆடிட்டர் மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வரிச் சட்டத்தை அவரிடம் படித்தவர்கள் ஏராளம். கையில் இருந்த கணக்குப் புத்தகம் பொய், பழைய ஆடிட்டர் அறிக்கையை நம்ப முடியாது, அரை லட்சம் பேருக்குச் சம்பளம் போட வேண்டும். அந்த இடத்தில் கணக்கை நிஜமாகவே எழுதத் தெரிந்தவர் போர்டில் உட்கார்ந்திருந்தது சும்மா அலங்காரம் இல்லை. பழைய கணக்குகளைத் திரும்ப எழுத கேபிஎம்ஜி, டெலாய்ட் நிறுவனங்களை வைத்தார்கள், வங்கிகளிடம் கடன் திரட்டினார்கள், உள்ளேயிருந்தே ஒருவரைத் தலைமைச் செயல் அதிகாரியாக்கினார்கள், ஏலம் நடத்தினார்கள். ஏப்ரல் 13 அன்று டெக் மஹிந்திரா, சத்யத்தின் பங்கு ஒன்றுக்கு 58 ரூபாய் என்று கேட்டு ஜெயித்தது. எல் அண்ட் டி கேட்டது 45.90. மூன்று மாதக் கதை இது.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புகழில் முதல் பட்டியல் ஒரு படி மேலேயே நிற்கும். இரண்டாவது பட்டியலில் ஒவ்வொருவரும் எதற்காக அங்கே இருக்கிறார் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். வங்கி, வாடிக்கையாளர், சட்டம், தொழில்துறை, பங்குதாரர், கணக்கு. இன்னொரு வித்தியாசமும் உண்டு, இவர்கள் யாரும் ராஜு கூப்பிட்டு வந்தவர்கள் இல்லை.

ஜூலை 10, சற்று நேரம் கழித்து
விட்டுப்போனது. அரசு தேர்ந்தெடுத்தாலே நல்ல போர்டு என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பொதுத்துறை நிறுவனங்களில் சுயேச்சை இயக்குநர் (நிர்வாகத்தோடு தொடர்பில்லாத வெளி ஆள்) இடங்கள் மாதக்கணக்கில் காலியாகக் கிடப்பது எல்லாரும் அறிந்தது. சத்யத்தில் எல்லார் கண்ணும் பார்த்துக்கொண்டிருந்தன, கோட்டைவிட முடியாது.

ஜூலை 12
அமெரிக்க முதலீட்டு வங்கியான லீமன் பிரதர்ஸின் போர்டில் நாடகத் தயாரிப்பாளரை வைத்திருந்தார்கள், அதான் 2008இல் கவிழ்ந்தது என்று ஒருவர் சிரிப்புப் படத்தோடு போட்டிருக்கிறார். இந்தக் கதை உலகம் முழுக்கச் சுற்றுகிறது, பாதி உண்மைதான். ரோஜர் பெர்லிண்ட் பிராட்வே தயாரிப்பாளர், சரி. ஆனால் அதற்கு முன்னால் 1960இல் வால் ஸ்ட்ரீட்டில் பின்னாளில் சிட்டிகுரூப் தலைவரான சாண்டி வீல் போன்றவர்களோடு சேர்ந்து பங்குத் தரகு நிறுவனம் தொடங்கி வளர்த்தவர்களில் அவரும் ஒருவர். பணம் தெரியாத ஆள் இல்லை. ஒரு மனிதரை ஒரு வரியில் அடக்கினால் இப்படித்தான் ஆகும். எங்கள் கிடங்குக்காரருக்கு நாங்கள் செய்ததும் இதேதான், திசை மட்டும் வேறு.

லீமனில் என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. இடர்ப்பாட்டுக் குழுவின் தலைவர் ஹென்றி காஃப்மன், வட்டி விகிதம் பற்றி அவர் வாயைத் திறந்தால் சந்தையே அசையும் என்று பேர் எடுத்த பொருளாதார நிபுணர். அந்த இருக்கைக்கு அவரைவிடப் பொருத்தமான பின்னணி கிடைக்காது. 2006இலும் 2007இலும் அந்தக் குழு கூடியது வருஷத்துக்கு இரண்டே முறை. ஆகவே உங்கள் கம்பெனியில் இயக்குநர் யார் என்று பார்த்த கையோடு, அவர் எந்தக் குழுவில் இருக்கிறார், அது எத்தனை முறை கூடியது, அவர் எத்தனைக்கு வந்தார் என்பதையும் பாருங்கள். அதே அறிக்கையில் நிர்வாகம் பற்றிய பகுதியில் அட்டவணையாகவே இருக்கும். யாரும் படிப்பதில்லை.

ஜூலை 13
தெரானோஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சுருக்கமாக: அமெரிக்க ரத்தப் பரிசோதனைக் கம்பெனி, போர்டில் முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் கிஸ்ஸிஞ்சர், ஷுல்ட்ஸ், பாதுகாப்பு அமைச்சராக இருந்த பெரி, ராணுவத் தளபதி மேட்டிஸ். மருத்துவப் பின்னணி உள்ளவர்களும் இருந்தார்கள், அறுவை சிகிச்சை நிபுணர் ஃப்ரிஸ்ட், தொற்றுநோயியல் வல்லுநர் ஃபேகி. பரிசோதனைக் கூடத்தை ஓட்டியே பெயரெடுத்தவர் என்று சொல்ல அந்தப் பெயர்களில் ஒருவர் இல்லை. பரிசோதனைகள் சொன்னபடி வேலை செய்யவில்லை என்பதை வெளியே கொண்டுவந்தவர்களில் ஒருவர் அந்தக் கூடத்தில் வேலை பார்த்த இளைஞர், ஷுல்ட்ஸின் பேரன். தாத்தா முதலில் பேரனை நம்பவில்லை.

ஜூலை 15
வங்கிகளுக்கு மட்டும் வேறு சட்டம் என்று ஒருவர் சொன்னது சரி, பலருக்குத் தெரியாத விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாக. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 10ஏ பிரிவு, போர்டில் குறைந்தது 51 சதவீதம் பேருக்குக் கணக்கியல், விவசாயமும் ஊரகப் பொருளாதாரமும், வங்கித் தொழில், கூட்டுறவு, பொருளியல், நிதி, சட்டம், சிறுதொழில் போன்ற துறைகளில் தனி அறிவோ நேரடி அனுபவமோ இருக்க வேண்டும் என்கிறது. அதிலும் குறைந்தது இரண்டு பேர் விவசாயம், கூட்டுறவு, சிறுதொழில் பக்கத்திலிருந்து வர வேண்டும். 1968இல் செய்த திருத்தம் இது, வங்கிகள் பெரிய தொழில் குடும்பங்களின் கைப்பெட்டியாக இருந்த காலம். பின்னால் ரிசர்வ் வங்கி தகவல் தொழில்நுட்பம், இடர் மேலாண்மை போன்றவற்றையும் பட்டியலில் சேர்த்தது. கரூர், கும்பகோணம், தூத்துக்குடி என்று நம் ஊர்களில் பிறந்த பழைய தனியார் வங்கிகளின் போர்டுகளில் விவசாயப் பின்னணிக்காரர் ஒருவர் இருப்பது இதனால்தான். அவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு, நான் சிரிக்க மாட்டேன். நகைக்கடனும் பயிர்க்கடனும் பெரிய பங்காக இருக்கும் வங்கியில் மழை தவறினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர் வேண்டாமா?

ஆனால் கட்டத்தை நிரப்பினால் போதாது என்பதற்கும் உதாரணம் கரூரிலேயே இருக்கிறது. 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, உள்ளூர் வியாபாரிகளை விட்டு விலகிப் பெரிய கார்ப்பரேட் கடன்களில் இறங்கி மாட்டிக்கொண்டது. அதுவும் இதே 10ஏ பிரிவுக்குக் கட்டுப்பட்ட வங்கிதான். 2020 செப்டம்பர் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் தலைமை அதிகாரி உட்பட ஏழு இயக்குநர்களை வாக்களித்து வெளியேற்றினார்கள். இந்திய வங்கி ஒன்றில் இப்படி நடப்பது அபூர்வம். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. நவம்பர் 17இல் பணம் எடுக்கக் கட்டுப்பாடு, அந்த மாதக் கடைசிக்குள் சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியோடு இணைப்பு, பங்குகளின் மதிப்பு பூஜ்யம். டெபாசிட்காரர்கள் தப்பித்தார்கள், பங்கு வைத்திருந்த கரூர்க் குடும்பங்கள் தப்பவில்லை.

ஜூலை 16
பெண் இயக்குநர்கள் பற்றி வந்த பதில்களில் இரண்டு எனக்குப் பிடிக்கவில்லை. 2013 கம்பெனிச் சட்டம் போர்டில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றதும் 2015 ஏப்ரல் கெடுவுக்குள் பல முதலாளிகள் மனைவி, மகள், மருமகளை உட்கார வைத்தார்கள், உண்மை. அதற்காகத்தானே பிறகு பெரிய கம்பெனிகளுக்குச் சுயேச்சைப் பெண் இயக்குநர் வேண்டும் என்று விதி வந்தது. இதைச் சாக்காக வைத்து "தகுதியான பெண்கள் கிடைக்கவில்லை" என்று எழுதாதீர்கள். சென்னையின் பெரிய தொழில் குடும்பமான முருகப்பா குடும்பத்தில் வள்ளி அருணாசலம் அணுசக்திப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், அப்பா விட்டுச்சென்ற பங்குகள் இருந்தன, குழுமத்தின் பங்குகளை வைத்திருக்கும் ஹோல்டிங் கம்பெனியின் போர்டில் இடம் கேட்டார். 2020இல் 91 சதவீதத்துக்கும் மேல் எதிர்த்து வாக்களித்தார்கள். மூன்று வருஷம் கழித்துக் குடும்பத்துக்குள் சமரசம் ஆனது. அங்கே குறையாக இருந்தது தகுதியா?

பொருந்தாத பின்னணி என்று சொல்பவர்கள் கிரண் மஜும்தார் ஷாவையும் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் பீர் காய்ச்சும் படிப்பு படித்தவர், இங்கே மதுவடிப்பு ஆலைகளில் பெண்ணுக்கு அந்த வேலை தரத் தயங்கினார்கள், அதே நொதித்தல் அறிவை வைத்து 1978இல் பயோகான் என்ற உயிரித் தொழில்நுட்பக் கம்பெனியைத் தொடங்கினார். இன்ஃபோசிஸில் தலைமைச் சுயேச்சை இயக்குநராக வருஷக்கணக்கில் இருந்தார்.

ஜூலை 17
ஓய்வுபெற்ற ஐஏஎஸ் பற்றி ஒரு வார்த்தை. எந்தக் கோப்பு எந்த அறையில் நிற்கிறது என்று தெரிந்தவர் என்பதற்காக மட்டும் கூப்பிடுகிறார்கள் என்பது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் வினீத் நய்யாரும் ஐஏஎஸ்தான். உலக வங்கி, அரசின் எரிவாயு நிறுவனமான கெயிலின் முதல் தலைவர், அப்புறம் டெக் மஹிந்திரா. சத்யத்தை வாங்கியபின் அதை நிமிர்த்திய பொறுப்பு அவருடையது. 2018இல் உள்கட்டமைப்புத் திட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஐஎல் அண்ட் எஃப்எஸ் மூழ்கியபோது அரசு போட்ட புது போர்டிலும் இருந்தார். நிர்வாகம் செய்துவிட்டு வந்தவரா, பதவியிலிருந்து நேராக நாற்காலிக்கு வந்தவரா என்று பாருங்கள். அவர் கடைசியாகப் பார்த்த துறை, கம்பெனி லைசென்ஸ் வாங்கும் துறையா என்றும் பாருங்கள்.

ஜூலை 20
எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது என்று கேட்டதற்கு: வெளியேறியவர்களிடமிருந்து. சுயேச்சை இயக்குநர் பாதியில் விலகினால் காரணத்தை எழுதித்தர வேண்டும், ஏழு நாளுக்குள் கம்பெனி அதைப் பங்குச்சந்தைக்கு அனுப்ப வேண்டும், இதைத் தவிர வேறு முக்கியக் காரணம் இல்லை என்ற உறுதியோடு. பங்குச்சந்தை இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால் கடிதமே கிடைக்கும். "வேறு பணிகள் அதிகம்" என்று எழுதியிருப்பார்கள். அந்த ஆள் இன்னும் எந்தெந்த போர்டுகளில் இருக்கிறார் என்பதும் அதனோடு வரும். மற்ற எல்லாவற்றிலும் தொடர்ந்துகொண்டு இந்த ஒன்றை மட்டும் விட்டிருந்தால், அதுவும் தணிக்கைக் குழுவில் இருந்தவர் என்றால், அதே காலாண்டில் ஆடிட்டரும் மாறியிருக்கிறாரா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து நடந்திருந்தால் நான் அந்தப் பங்கைத் தொட மாட்டேன், போர்டில் மீதி யார் இருந்தாலும்.